மதனபள்ளிக் காற்றும் ராஜாஜியின் கோபமும்

போன நூற்றாண்டின் முற்பாதியில் ஒருவரைப் பற்றி "மதனபள்ளிக்குக் கூட்டிப் போயிருக்காங்க" என்று சொன்னால், கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். ஓரடி தள்ளி உட்காருவார். அன்றைய சித்தூர் மாவட்டத்து அந்த ஊரில்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். 1919-ல் தாகூர் அங்கே தங்கி ஜன கண மனவை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஞானமும் தேசிய கீதமும் கைவசம் இருந்தும் ஊர் பேர் வாங்கியது இருமலால்தான்.

காரணம் ஆரோக்கியவரம். பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி 1915-ல் அங்கே காசநோய் சானடோரியம் நடத்த ஆரம்பித்தன. இத்தனை மிஷன்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதே மருத்துவ அதிசயம். தலைமை, கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோல்லர் என்ற டென்மார்க் டாக்டர். அவர் நாட்டுக்காரர்கள் 1620-ல் மிளகுக்காகத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, கட்டுப்படியாகாமல் 1845-ல் வெள்ளைக்காரனிடமே விற்றுவிட்டுப் போனவர்கள். இந்த முறை லாபம் பார்க்கிற எண்ணம் இல்லாததால் நீடித்து நின்றார்கள்.

சிகிச்சை எளிமையானது. திறந்த வராந்தாவில் படு, பால் குடி, முட்டை தின், எடை பார், மறுபடி படு. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளைக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெர்மாமீட்டர் மட்டும். மருந்து என்று ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது. அதனால் காற்றையே மருந்தாக்கினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல காற்றுக்காக ஆளை மேட்டுப் பூமிக்கு வரவழைத்து, வந்தபின் விலாவுக்குள் ஊசி விட்டுக் காற்றடைத்து நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பார்கள். வெளியே காற்று வாங்கச் சொல்வதும், உள்ளே காற்று புகாமல் அமுக்குவதும் அன்றைய உலகத்தரச் சிகிச்சை. சிலர் பிழைத்தார்கள். பாராட்டு காற்றுக்குப் போயிற்று.

நம்மூரும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் ஒன்று ஆரம்பித்தார். அதன் பெயர் கொண்ட ஸ்டேஷனில் இன்றும் மின்சார ரயில் நிற்கிறது. இறங்குகிற யாரும் நோயை நினைப்பதில்லை.

அப்புறம் வந்தது ஊசி. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் கிருமி நிபுணர், மற்றவர் மாட்டு டாக்டர். மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தத்திலும் வளர்த்து, எடுத்து மறுபடி வளர்த்து, 13 வருஷத்தில் 230 தடவை இதையே செய்தார்கள். கிருமிக்கு வாழ்க்கை வெறுத்து வீரியம் போய்விட்டது. அதுதான் பி.சி.ஜி. 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் நிஜக் கிருமி கலந்துபோய் எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்தன. இந்த இடத்தில் கேலிக்கு வேலையில்லை.

1948-ல் இந்தியா பி.சி.ஜி.யைக் கையில் எடுத்தது. மருந்து தயாரிப்பு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில். தொடக்க இடங்களில் ஒன்று, வேறெங்கே, மதனபள்ளி. இப்போது பொறுப்பில் இருந்தவர் மகன், யோஹான்னஸ் ஃப்ரிமோட்-மோல்லர். அப்பா காற்றை நம்பினார். மகன் எண்ணிக்கையை நம்பினார். 1950-லிருந்து சுற்றுக் கிராமங்களில் சிலருக்கு ஊசி போட்டு, சிலருக்குப் போடாமல், வருஷக்கணக்கில் யாருக்கு நோய் வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். ஊசி போட்ட 5,069 பேரில் 33 பேருக்கு நோய். போடாத 5,808 பேரில் 47. அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயில் கட்டிக் கும்பிடவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது.

அதற்குள் சென்னையில் வேறு காய்ச்சல். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கி ஓய்வாக இருந்த ராஜாஜி, 1955-ல் பி.சி.ஜி.யை எதிர்த்துச் சிறுபுத்தகமே போட்டார். நோயில்லாத பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாக ஏற்ற எவன் அதிகாரம் கொடுத்தான் என்பது அவர் வாதம். டில்லியில் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர், ஊசி ரொம்ப நல்லது என்றார். இருவரும் காந்தியின் சீடர்கள் என்பதால் சண்டை மரியாதையாகவே நடந்தது. யார் கையிலும் போதிய கணக்கு இல்லை. நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் ஆளுக்கொரு மேடை, அவ்வளவுதான்.

கணக்குக்குத் திருப்பதி போகிற வழியில்தான் ஆள் எடுத்தார்கள்.  திருத்தணிக்கு அண்டையில் திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்கள். செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு 1968-ல் அங்கே தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல். சிலருக்கு முழு மருந்து, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்குச் சும்மா தண்ணி ஊசி. குத்தியவருக்கும் தெரியாது, குத்திக்கொண்டவருக்கும் தெரியாது.

ஏழரை ஆண்டு கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். (ஆமாம், ஏழரை.) ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த இரு தரப்பிலும் தலா 88,391 பேர். தண்ணி ஊசி போட்டவர்களில் நோய் வந்தது 499 பேருக்கு. மருந்து ஊசி போட்டவர்களில் 505.

மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். 505-தான். உலக சுகாதார நிறுவனம் வரைக்கும் முகம் வெளுத்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற சாதுவான உறவுக்காரக் கிருமிகள் முன்னமே உடம்பைப் பழக்கிவிடுகின்றன, அதனால் ஊசியின் பங்கு தெரியவில்லை என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க ராஜாஜி இல்லை, 1972-லேயே போய்விட்டார். இருந்திருந்தாலும் முழுசாகச் சிரித்திருக்க முடியாது. அவர் பயந்தது கெடுதல் வரும் என்று. கெடுதலும் வரவில்லை. ஊசி, பெரியவர்களின் நுரையீரல் விஷயத்தில், அரசியல்வாதியின் வாக்குறுதி போல இருந்தது: கேடில்லை, பயனும் இல்லை.

உண்மையில் மதனபள்ளி வராந்தாவுக்கு வேட்டு வைத்தது வேறொரு ஆய்வு. 1956-ல் சென்னையில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழு 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரைச் சானடோரியத்துக்கும், மீதியை நெரிசலான சொந்த வீட்டுக்கும் அனுப்பியது. அதற்குள் காசநோய்க்கு மாத்திரை வந்திருந்தது; இரண்டு பக்கமும் அதே மாத்திரை. அதில் ஒன்று பி.ஏ.எஸ். என்ற மருந்து, கைநிறைய விழுங்க வேண்டிய, குடலைப் புரட்டும் சனியன். விழுங்கினார்களா, ஜன்னல் வழியாகப் போட்டார்களா என்று திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வருஷ முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் தேறினார்கள். வீட்டில், பாலும் ஓய்வும் இல்லாமல், 86. கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நாற்பது வருஷமாகக் காற்று வாங்கிவந்த பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போனது.

பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது. சிசுக்களை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது, அதில் சந்தேகமில்லை. பெரியவர்கள் தோள் தழும்பை நம்பி உட்கார வேண்டாம். மலைக்காற்று வேண்டுமானால் திருமலைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பக்கத்து அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள், சோதனையும் மாத்திரையும் இலவசம்.