தராசும் கடிகாரமும்

கேள்வி: செம்பனைக் குலை விழும் அடியைத் தராசில் நிறுத்துச் சொல்ல முடியுமா?
— வாசகர், நியாலாஸ்

பதில்: தராசு மட்டும் போதாது, கடிகாரமும் வேண்டும்! 20 கிலோ குலை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 14 மீட்டர். நூறில் ஒரு வினாடியில் நின்றால், அடி கிட்டத்தட்ட 3 டன் பாரம்; பத்தில் ஒரு வினாடியில் நின்றால் 300 கிலோதான்.

கார் மோதலிலும் இதே கணக்குதான். உங்கள் மலாக்காவிலேயே, மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான மைரோஸின் மோதல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஆசியான் என்கேப் அமைப்பின் முன்பக்க மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும். காருக்குள் அமர்த்திய பொம்மைகளின் தலையிலும் நெஞ்சிலும் உள்ள உணரிகள் அடியைப் பதிவு செய்யும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் நுரை நமக்கு வாங்கித் தருவதும் சில மில்லி வினாடிகளைத்தான். உயிர் பிழைப்பது அதில்தான். தோட்டத்துச் சடக்கில்கூடத் தலைக்கவச வாரை மாட்டாமல் ஓட்டாதீர்கள்!