பட்டியல் போட்ட பேராண்டிக்கு

பேராண்டி, நீ அனுப்புன புத்தாண்டுப் பட்டியல் வந்து சேந்துச்சு. உங்கப்பன் செல்லுல அதைப் பெருசு பண்ணிக் காட்டுனான். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு வரி விடாமப் படிச்சேன். எடை குறைக்கறது, காசு சேக்கறது, செல்லைக் கீழ வைக்கறது, சீனம் பேசக் கத்துக்கறது, வாரம் தவறாம அம்மாகிட்டப் பேசறது, மகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கறது, கடைசியா 'இன்னும் ரெண்டே வருசத்துல ஊரோட வந்துடறது'. ரொம்ப லட்சணமா இருக்கு. போன வருசத்துப் பட்டியலுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இந்தத் தடவை கலர் அடிச்சிருக்க. காசு சேக்கறதை நீ அப்பவே ஆரம்பிச்சுட்டன்னுதான் சொல்லணும். பழைய பட்டியலையே தூசி தட்டி எடுத்துக்கிட்ட பாரு, அதைவிடச் சிக்கனம் என்ன இருக்கு?

'தாத்தா, நீங்களும் ரெண்டு யோசனை சொல்லுங்க'ன்னு கீழ ஒரு வரி வேற. கேக்காமலே சொல்ற ஆளு நான். நீ கேட்டே தொலைச்சுட்ட. இனி உன் தலையெழுத்து.

மொதல்ல நேரத்தைப் பத்திப் பேசுவோம். சிங்கப்பூர்ல பன்னெண்டு அடிச்ச கையோட நீ வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட. இங்க அப்ப மணி ஒன்பதரை. உனக்குப் புது வருசம் பொறந்து, எடையெல்லாம் குறைய ஆரம்பிச்சாச்சு. எனக்குப் பழசுலயே இன்னும் ரெண்டரை மணி நேரம் பாக்கி கெடக்கு. அதுக்குள்ள நான் ரெண்டு அதிரசம் தின்னா அது எந்த வருசக் கணக்குல வரும்னு கேட்டேன். நீ சிரிச்சுட்டு வச்சுட்ட. சிரிக்கற விசயமில்ல அப்பு அது.

நீ இருக்கற ஊருலயே ஒரு கூத்து நடந்துச்சு, தெரியுமா? 1981 டிசம்பர் 31, ராத்திரி பதினொன்றரை மணி. மலேசியாக்காரன் தன்னோட கெழக்குப் பக்கத்துக்கும் மேக்குப் பக்கத்துக்கும் ஒரே நேரமா இருக்கட்டும்னு கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளுனான். பக்கத்துல இருக்கற சிங்கப்பூரும் கூடவே தள்ளிடுச்சு. பதினொன்றரை அப்படியே பன்னெண்டாயிடுச்சு. 1982 அரை மணி முந்திப் பொறந்துச்சு. உங்க சின்னத் தாத்தா அப்ப அங்கதான் கப்பல் பட்டறையில வேலை பாத்தான். 'பழைய வருசத்துல எனக்கு வரவேண்டிய அரை மணி நேரத்தை யாருகிட்டப் போயிக் கேக்கறது'ன்னு கடுதாசி போட்டான்.

அதாவது பரவால்ல. சமோவான்னு ஒரு தீவு நாடு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோட வியாபாரம் பண்ண நாளு ஒத்துவரலன்னு 2011-ல டிசம்பர் 29-க்கு அடுத்து நேரா 31-க்குப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமையே இல்ல அந்த வாரம். அவ்வளவு தூரம் எதுக்குப் போவணும்? நம்ம ஊருலயே 2008-ல சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைச் சித்திரையிலேருந்து தைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. 2011-ல அடுத்தவங்க வந்து மறுபடி சித்திரையிலயே எறக்கி வச்சாங்க. நான் ரெண்டுக்கும் வடை பாயசம் சாப்பிட்டேன், ஒருத்தரையும் பகைச்சுக்கல.

ஆக, வருசப் பொறப்புங்கறது மனுசன் அடிச்ச முளைக்குச்சி. புடுங்கி வேற எடத்துல அடிச்சா அங்கயும் நிக்கும். அதைத் தொட்டா உடம்பு எளைக்கும், கையில காசு சேரும்னு எந்தச் சாமியும் சொல்லல. அதுலயும் நீ புடிச்சது மார்கழி நடுவுல வர்ற ஜனவரி ஒண்ணாந் தேதி. மார்கழியில நாங்க பொண்ணு பாக்கப் போவ மாட்டோம், வீடு குடிபோவ மாட்டோம். எதைத் தொடங்கறதா இருந்தாலும் 'தை பொறக்கட்டும்'னு தள்ளி வைப்போம். நீ வருசா வருசம் சரியா அந்த மாசத்துல ஏழு காரியத்தைத் தொடங்கிட்டு, பொங்கலுக்குள்ள ஏழும் படுத்துடுச்சேன்னு வருத்தப்படற. மார்கழி மேல பழி போட்டுக்க. அதுக்கு வாயா இருக்கு, மறுத்துப் பேச?

முன்னெல்லாம் புது வருசத்துக்கு உங்க மெரினா பே தண்ணியில வெள்ளை வெள்ளையாப் பந்து மிதக்க விடுவாங்கன்னு நீதான் சொல்லியிருக்க. ஜனங்க அதுல அவங்கவங்க ஆசையை எழுதிப் போடுவாங்களாம். அது நல்ல ஏற்பாடு. ஆசைக்குப் பந்து போதும். காத்தடிச்ச பக்கம் போயிட்டு வரும், ஒருத்தரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. உன் பட்டியல்ல பந்துல எழுதவேண்டியது எது, கையால செய்யவேண்டியது எதுன்னு பிரிக்காம எல்லாத்துக்கும் 'குறிக்கோள்'னு ஒரே தலைப்புப் போட்டுட்ட. அங்கதான் கோளாறு.

மேட்டூர் அணையைப் பாரு. 1934-லேருந்து நிக்குது. ஜூன் 12-ல தொறக்கணும்னு சர்க்காரே தேதி வச்சிருக்கு. 2022-ல மே 24-லயே தொறந்துட்டாங்க. 2024-ல ஜூலை 28 ஆயிடுச்சு. தேதியில குத்தமில்ல. தண்ணி இருந்தாத்தானப்பா மதகைத் தூக்கறது? உன் பட்டியல்ல தேதி இருக்கு, எத்தனை கிலோன்னு இருக்கு, எத்தனை வெள்ளின்னு இருக்கு. அதுக்கான பொழுது எங்கேருந்து வரப்போவுதுன்னு மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

சித்திரை ஒண்ணாந் தேதி கோயில்ல பஞ்சாங்கம் படிக்கறப்ப நீ சின்னப் பையனா என் மடியில உக்காந்து கேட்டிருக்க. ராசிக்கு ராசி ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவுன்னு வரும். ஆதாயம் ரெண்டு, விரயம் எட்டுன்னு இருந்தாக்கூட அய்யரு கூசாமப் படிப்பாரு. எனக்கு அறுபது முடிஞ்சு வருசப் பேரெல்லாம் ரெண்டாஞ் சுத்து ஓடுது. விரயம் இல்லாத ராசின்னு ஒண்ணு இன்னைக்கு வரைக்கும் வாசிச்சு நான் கேக்கல. உன் பட்டியல் முழுக்க வெறும் ஆதாயம். பஞ்சாங்கத்தைவிடப் பெரிய பொய்யா இருக்கேடா!

சாயந்தரம் ஒரு மணி நேரம் ஜிம்முங்கற. சரி, அந்த ஒரு மணி நேரம் இப்ப யாருகிட்ட இருக்கு? செல்லுகிட்ட இருக்குன்னா புடுங்கு, பாவமே இல்ல. தூக்கத்துகிட்டன்னா யோசி. மககிட்டன்னா எடையோடவே இரு. அப்பன் குண்டா இருக்கான்னு எந்தப் பிள்ளையும் அவனை வேண்டாம்னு சொன்னதில்ல. இன்னொண்ணும் கேக்கறேன். ஒன்பதாவது மாடியில வீட்டை வச்சுக்கிட்டு, லிப்டுல எறங்கி, ரயிலேறிப் போயி, பணங்கட்டி, ஜிம்முக்குள்ள இருக்கற மெசின் படியில ஏறறியே, உன் புளோக்கு படிக்கட்டு என்ன பாவம் பண்ணுச்சு? காசு கேக்கலங்கறதால அதுக்கு மரியாதை இல்லாமப் போச்சா?

சீனம் கத்துக்கறதுக்கு வகுப்புத் தேடறியாம். பக்கத்து வீட்டுல ஒரு சீனப் பாட்டி இருக்கறதா நீயே சொன்ன. அவுங்க வருசப் பொறப்புக்கு ரெண்டு ஆரஞ்சைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிக் கதவைத் தட்டு. மொத நாலு வார்த்தை அங்கயே கெடைக்கும். அப்படியே அவுங்க என்ன பண்றாங்கன்னும் பாத்துக்க. வீட்டைக் கூட்டி ஒழிக்கறது, கடனைத் தீக்கறதெல்லாம் வருசம் பொறக்கறதுக்கு முன்னாலயே முடிஞ்சுடும். பொறந்த அன்னைக்குத் தொடப்பத்தையே தொட மாட்டாங்க. நம்ம போகியும் அதே கதைதான், பழசு போனப்புறந்தான் பொங்கல். நீ ஒருத்தன்தான் பொறந்தப்புறம் பெருக்க ஆரம்பிச்சு, பிப்ரவரியில தொடப்பத்தைத் தேடற.

மகளோட தமிழுக்கு வருவோம். நீ இருக்கறது தமிழை ஆட்சிமொழி நாலுல ஒண்ணா வச்சிருக்கற நாடு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டுச் சொல்லிக் குடுக்கறாங்க, ரயில்ல எச்சரிக்கை சொல்றதுகூடத் தமிழ்ல வருதாம். இங்க உன் தங்கச்சி மகன் கான்வென்ட்டுல படிக்கறான், பஸ்ஸு போர்டைப் படிக்கச் சொன்னா நம்பரைப் படிக்கறான். ஆக எழுத்து உன் மகளுக்கு வந்துடும், நீ மெனக்கெட வேண்டாம். வீட்டுல பேச்சுத்தான் இல்ல. கொஞ்சறதும் இங்கிலீசு, கோவமும் இங்கிலீசுன்னா அவ எங்க போயித் தமிழைத் தேடுவா? ஒரு வேலை பண்ணு. திட்டறதையாவது தமிழ்ல திட்டு. நம்ம பக்கத்து வசவுல பாதி தெரிஞ்சாலே அந்தப் பொண்ணு புலவராயிடும்.

அம்மா விசயத்துல மட்டும் எனக்கு உம்மேல கோவம். 'அம்மாகிட்டப் பேசறது'ன்னு சீனத்துக்கும் தமிழுக்கும் நடுவுல சொருகி வச்சிருக்க. உங்கம்மாவுக்கு இதை நான் காட்டல, நெஞ்சு தாங்காது. பட்டியல்ல ஏத்திட்டா அது கடன். ஞாயித்துக்கிழமை வந்தா 'கூப்புடணுமே'ன்னு கூப்புடுவ. 'சாப்ட்டியா?' 'சாப்ட்டேன்.' 'மழையா?' 'வெயிலு.' 'சரி வைக்கறேன்.' ஒரு கடமை முடிஞ்சு ஒரு கோடு அடிச்சாச்சு. அவளுக்கு வேலை குடுடா. தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு வந்து அடுப்பு முன்னால நின்னுக்கிட்டுக் கூப்புடு. 'ஆத்தா, இதுக்கு எவ்வளவு புளி?'ன்னு கேளு. அவ அரை மணி நேரம் பேசுவா, நாலு நாளைக்குத் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா. புளி எவ்வளவுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தாலும் கேளு. பொய் சொல்லறது பாவந்தான், அந்தப் பாவத்தை எங்கணக்குல எழுதிக்க.

இனி, கடைசி வரி. 'இன்னும் ரெண்டே வருசம்.' இது நீ எழுதுனது இல்ல பேராண்டி, கப்பல்ல போன காலத்துலேருந்து கைமாறி வர்ற வரி. உங்க சின்னத் தாத்தா எழுதாத புத்தாண்டுக் கடுதாசி இல்ல. 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்'னான். முடிஞ்சுது. 'வீட்டைக் கட்டிடறேன்'னான். கட்டுனான், மாடி வச்சு. அப்புறம் 'மகன் படிப்பு'. அந்த வீட்டைப் பூட்டி சாவியை எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போனான். மாசத்துக்கு ஒருக்காப் போயிப் பூட்டுக்கு எண்ணெய் விடுவேன். உள்ள வௌவாலு வாடகை இல்லாம நாலு தலைமுறை பாத்துடுச்சு. கடைசியில வந்து சேந்தான். வந்து திண்ணையில உக்காந்துக்கிட்டு 'அங்க இந்நேரம் கோப்பி குடிப்போம்'னு கடிகாரத்துல ரெண்டரை மணி கூட்டிக்கிட்டே இருந்தான். இங்க இருந்த காலமெல்லாம் அங்கத்து நேரம், அங்க இருந்த காலமெல்லாம் இங்கத்து நெனப்பு.

நீ வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. வர்றதுன்னா மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம், உனக்கு என்ன வேலை, உம் பொண்டாட்டி என்ன சொல்றா, இந்த மூணுக்கும் பதில் எழுதி அனுப்பு. நாளைக்கே வீட்டுக்கு வெள்ளையடிச்சு வைக்கறேன். பதில் இல்லைன்னா அந்த வரியை அடிச்சுடு. அடிச்சா ஒண்ணும் குடி முழுகாது. 'நான் இந்த ஊருக்காரன், அது எங்க தாத்தா ஊரு'ன்னு ஒருத்தன் தெம்பாச் சொல்லிட்டா, அங்க சோபா வாங்கறதுக்குக்கூடக் கை கூசாது. நீதான் 'ரெண்டு வருசத்துல கெளம்பறோமே'ன்னு கல்யாணமான நாளாப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்க. ஊரு மேல பாசம் வச்சவன் இடுப்பு வலியோட இருக்கணும்னு யாருடா சொன்னது?

எங்க வருசப் பொறப்பை உனக்கு ஞாபகப்படுத்தறேன். சித்திரையில நல்லேர் கட்டறோம். முன்னெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்போம், இப்ப டிராக்டருக்கு மாலை போடறோம். கூடையில வெதநெல்லு, தேங்கா, பழம், வெத்தலை. எல்லாரும் ஒண்ணாப் போயி ஒரே வயலைச் சேந்து உழுது, ஒரு கை நெல்லைத் தூவி, காப்பரிசியை வாயில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அன்னைக்கு எவனாவது 'இந்த வருசம் மாவுக்குப் பதினஞ்சு மூட்டை எடுக்கப்போறேன்'னு வயல்ல நின்னு அறிக்கை விட்டுப் பாத்திருக்கியா? வாயே தொறக்க மாட்டான். ரெண்டு சால் உழுதுட்டு வந்துடுவான். மண்ணு கீறியாச்சுல்ல, பேச்சு எதுக்கு?

அதனால எம் புத்தி இதுதான். ஏழுல ஆறைப் பந்துல எழுதி விட்டுடு. மிச்சம் ஒண்ணை எடுத்துக்க. எந்த ஒண்ணுன்னு எங்கிட்டக்கூடச் சொல்லாத. சொன்னா நான் ஊரெல்லாம் சொல்லிடுவேன், நீயும் செஞ்சு முடிச்ச சந்தோசத்துல படுத்துடுவ. முகூர்த்தம் பாக்காத. இந்தக் கடுதாசியைப் படிச்சு முடிச்ச கையோட ரெண்டு சால் உழுதுடு. அது படிக்கட்டா இருந்தா செருப்பை மாட்டு, அம்மாவா இருந்தா புளியைப் பத்திக் கேளு.

அங்கேருந்து திருச்சி பிளேன்ல யாராவது வந்தா கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் குடுத்தனுப்பு. முழங்கால் கேக்குது. இதைக் கொண்டுபோயி எட்டாவது குறிக்கோளாச் சேத்து வைக்காத. வாங்கு.