கூர்மைக்கு ஈடு உண்டா?

பிளஸ் டூ பிள்ளையைப் பெற்றவர்களின் கூர்மைக்கு தமிழ்நாட்டில் ஈடு இணை கிடையாது. ரிவிஷன் தேர்வில் இயற்பியலில் 3 மதிப்பெண் குறைந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே பிள்ளை 3 வாரமாகத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறது என்பது போன்ற அற்ப விஷயங்களில் அந்தக் கூர்மையை வீணாக்க மாட்டார்கள்.

கத்திரி வெயிலில், வீட்டுக்குள்ளும் மகள் முழுக்கை சுடிதாரை மாற்றுவதில்லையா? "இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமா!" என்று அத்தை வியக்க, அம்மாவுக்குப் பூரிப்பு. மகன் விடிய விடிய விழித்துக் கிடந்தால் நீட்டுக்குப் படிக்கிறான். பகலெல்லாம் படுத்தே கிடந்தால் வளர்கிற பிள்ளை. உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்தால், அது தாத்தாவின் தர்ம குணம். கூட்டாளிகளை ஒவ்வொருவராக விட்டு விலகினால், கெட்ட சகவாசம் ஒழிந்தது. என்ன நடந்தாலும் அதில் ஒரு நற்குணம் கண்டெடுக்கும் இந்த வித்தை சும்மா வருமா?

எரிச்சல் ஒன்றுதான் கொஞ்சம் இடிக்கும். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமில்லை, எரிந்து விழுவதாகவும் வெளிப்படும் என்பது மனநல மருத்துவர்கள் அறிந்தது. அவர்கள் வருஷக்கணக்காகப் படித்ததை நம் அப்பா இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்: "எல்லாம் திமிரு." வைத்தியமும் கைவசம் உண்டு. செல்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவார். பிள்ளை மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரே சிநேகிதியும் அதோடு பூட்டப்பட்டால் என்ன, பூட்டு நல்ல பூட்டு.

10 முதல் 19 வயதுள்ளவர்களில் 7 பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு இருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒருவர் எப்போதும் அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறார். வகுப்பாசிரியை தயங்கித் தயங்கி, "ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்றால், "நாளைக்கு வரன் பார்க்கும்போது யாராவது கேட்டா?" என்று பதில் வரும். 16 வயதுப் பெண்ணுக்கு 26 வயதில் வரப்போகும் சம்பந்தியைக்கூட இப்போதே பார்க்கிற தொலைநோக்கு! எதிரே உட்கார்ந்திருப்பவள் மட்டும் அந்தப் பார்வைக்கு ரொம்பப் பக்கம்.

மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த பையன் ஒரு நாள் திடீரென்று சாந்தமாகிவிட்டால், விஷயம் தெரிந்த மருத்துவர் அப்போதுதான் பதறுவார். நம்மவர்கள் பதறுவதில்லை. "திருந்திட்டான்" என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிவிடுவார்கள்.

2022 அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணைக் கொண்டுவந்தது: 14416. காசு வாங்காமல், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசுவார்கள். பெற்றவர்களும் அழைத்துக் கேட்கலாம். கோச்சிங் சென்டருக்கு வாரம் நான்கு முறை போன் போட்டு மகனின் ரேங்கை விசாரிக்கிறவர்கள், இந்த எண்ணுக்கு மட்டும் ஒருமுறைகூடத் தொந்தரவு கொடுத்ததில்லை. பாவம், அங்கே எத்தனை பேர் காத்திருப்பார்களோ என்கிற பெருந்தன்மைதான்.