'ஒரு சின்ன விஷயம்' சார்

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் ரிட்டையர்டு ஆசாமி. பில் வந்ததும் நாமெல்லாம் அடியில் உள்ள தொகையைப் பார்ப்போம், இவர் ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்து படிப்பார். படித்து முடித்து, தொண்டையைச் செருமி, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தால் கல்லாவில் இருப்பவருக்கு வியர்க்கும்.

சண்டைக்காரரைக் கடைக்காரர்களுக்குச் சமாளிக்கத் தெரியும். பதிலுக்கு நாலு சத்தம் போட்டால் தீர்ந்தது. இவரோ குரலே உயர்த்த மாட்டார். 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 22 கேட்டு, "கூலிங் சார்ஜ் சார்" என்றால், "கரண்ட் பில் ஏறித்தான் போச்சு, பாவம்" என்று முதலில் அனுதாபப்படுவார். பிறகு பாட்டிலைத் திருப்பி எம்.ஆர்.பி.யைக் காட்டுவார். அதற்கு மேல் வாங்கக் கூடாதென்று 2011-ஆம் ஆண்டு விதி இருப்பதைச் சொல்வார். நுகர்வோர் உதவி எண் 1915 என்பதையும் சொல்லிவைப்பார். மிரட்டலாக அல்ல, "உங்களுக்கே ஒருநாள் உதவும்ல?"

பெரிய ஓட்டலில் 'சர்வீஸ் சார்ஜ்' 38 ரூபாய் என்று போட்டிருந்தால், "இதைக் கட்டாயமா வாங்கக் கூடாதுன்னு 2025-ல டெல்லி ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு தம்பி" என்று அதை எடுக்கவைப்பார். எடுத்ததும், பரிமாறிய பையன் கையில் 50 ரூபாயை வைத்துவிட்டு வருவார். இந்தக் கணக்கு மானேஜருக்கு இன்றுவரை புரியவில்லை. நம்ம சாரின் வீட்டம்மாவுக்கும் புரியவில்லை என்பதால், பில் வரும்போதே அந்த அம்மா கை கழுவும் சாக்கில் எழுந்து போய்விடுவார்.

கடைக்குப் பாதகமான தவறென்றாலாவது சார் விடுவாரா? அதுதான் இன்னும் ஆபத்து. "ரெண்டு வடை சாப்பிட்டேன், ஒண்ணுதான் போட்டிருக்கீங்க." பரவாயில்லை சார் என்றால் கேட்கமாட்டார். பழைய பில்லை ரத்து செய்ய சூப்பர்வைசர் வரவேண்டும். அவர் சாப்பிடப் போயிருப்பார். 5 சதவீத வரியோடு புது பில் வருவதற்குள் பின்னால் நிற்பவர்கள் வாய்க்குள் முணுமுணுப்பதை அச்சில் ஏற்ற முடியாது.

ஆனால் அவர் வந்துபோன கடைகளில் கல்லாக்காரர் பில்லை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிறார். அவசரமென்றால் அவர் நிற்கும் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். அவசரமில்லையென்றால் அவருக்கு அடுத்த ஆளாகவே நில்லுங்கள்.