ஆயிரம் கிலோமீட்டர் விரதம்

புது கார் டெலிவரி எடுத்த அன்று நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுக்குவது என் பொறுப்பு. சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை; ஊசி எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் என்ஜினுக்கு உயிர் வந்தது தெரிந்தது. கிளட்சை விடப்போன நேரத்தில், "மாப்ளே, நில்லுங்க!" என்றார் மாமனார்.

மாமனார் இருபது வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். அந்த வண்டியின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அவருக்குள் இன்னும் நிற்கவில்லை. "சோக்கை இழுத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிடணும். சூடு ஏறணும்ல?" இந்த வண்டியில் சோக்கு கிடையாது என்றேன். "சோக்குகூட இல்லாத வண்டிக்கா இவ்வளவு காசு!" என்றார். பத்து நிமிஷம் ஓடியது. கற்பூரம் அணைந்தது. பூஜை போட்டவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எலுமிச்சம்பழங்கள் மட்டும் பொறுமையாகக் காத்திருந்தன.

வீட்டுக்கு வந்து கையேட்டைப் பிரித்தேன். முதல் 1000 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது, வெடுக்கென்று கிளப்பக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது என்று போட்டிருந்தது. முதல் இரண்டும் மனசில் பதிந்தன. மூன்றாவதைப் படிக்கும்போது காபி வந்துவிட்டது.

அன்றிலிருந்து விரதம். நாற்பதைத் தாண்டவில்லை. தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகிற வழியில், டிவிஎஸ் ஃபிஃப்டியில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போய், வண்டியை நிறுத்தி, "பெட்ரோல் தீந்துபோச்சா தம்பி?" என்று விசாரித்தார்.

இந்தப் பெருமையைத் தெருமுனை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "சார், நீங்க வண்டி ஓட்டலை, தூளி ஆட்டுறீங்க" என்றார். பிறகு பாடம் நடத்தினார். மாமனாரின் பத்து நிமிஷம் முதலில் அடிபட்டது. கிளப்பிய சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறிவிடும். அரை நிமிஷம் போதும், அப்புறம் நிதானமாக ஓட்டிக்கொண்டே சூடேற்ற வேண்டியதுதான். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். சும்மா நின்று உறுமவிட்டால், அந்தப் பெட்ரோலே சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும்.

அடுத்து என் நாற்பது அடிபட்டது. சிலிண்டர் சுவர் வழவழப்பாக வருவதில்லை. ஆயில் தங்குவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அதில் உரசி உரசி, மேடுகளைத் தேய்த்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு எரிகிற வாயுவுக்கு. "நீங்க ஆக்ஸிலேட்டரையே மிதிக்கலைன்னா அழுத்துறதுக்கு யார் இருக்கா? அதுக்காக வெரட்டிடாதீங்க. ஏத்தி எறக்கி ஓட்டுங்க."

ஏற்றி இறக்கினேன். நாற்பது, எழுபது, ஐம்பது, அறுபத்தைந்து, மறுபடி நாற்பத்தைந்து. "தூக்கம் வருதாங்க?" என்றாள் மனைவி. பின்னால் வந்த பஸ் மூன்று முறை தாண்டப் பார்த்து, மூன்று முறையும் பின்வாங்கியது. நான்காம் முறை பக்கத்தில் வந்தபோது கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அண்ணே, ஒரு முடிவுக்கு வாங்கண்ணே!" என்று கெஞ்சினார்.

வேகம் சரியானது, தூரம்தான் சேரவில்லை. ஆபீஸ் போய்வர ஆறு கிலோமீட்டர். இந்தக் கணக்கில் விரதம் முடிய ஆறு மாசம் ஆகும். எனவே சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பினேன். நான்கு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் திடீரென்று வாசலில் வந்து நின்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பட்டுக்கோட்டைச் சித்தப்பா நான் உட்காருவதற்குள், "இந்த மாசம் எனக்கே கொஞ்சம் கஷ்டம்டா" என்றார். காரைக்குடியில் பெரியம்மா மகள் என் கையில் பத்திரிகை இருக்கிறதா என்று பார்த்தாள்.

மன்னார்குடி அத்தைதான் எதுவும் கேட்கவில்லை. கொல்லையில் இருந்தாள். அன்று காலைதான் அம்மி கொத்தியிருந்தார்கள். புதுக்கொத்து அம்மை வடுப்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கைப்பிடித் தவிட்டைப் போட்டு, தண்ணீர் தெளித்து, குழவியை இழுத்து இழுத்து அரைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு விழுது வந்தது. அதை வழித்துத் தென்னை மரத்தடியில் எறிந்துவிட்டு மறுபடி தவிடு போட்டாள்.

"எதுக்கு அத்தை?"

"கொத்தின உடனே சட்னி அரைச்சா வாயெல்லாம் கல்லு நறநறங்குமே. சும்மா தடவினாலும் படியாது. ஓங்கி இழுத்தா கொத்தே போயிடும். பதமா அரைக்கணும்."

எனக்குக் கையேட்டின் மூன்றாம் விதி அப்போதுதான் புரிந்தது. என் காரும் இப்படித்தான் என்று சிலிண்டர், ரிங் எல்லாம் விளக்கினேன். அத்தை குழவியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தத் தூளெல்லாம் எங்கடா போகும்?"

எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. ஆயிலோடு போய் ஃபில்டரில் நிற்கும் என்றேன். அந்தக் காலத்து வண்டிகளில் அதற்காகவே முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுவார்களாம். "வழிச்சு எறியறதுதான்" என்று தலையாட்டிவிட்டு, மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

மன்னார்குடி ரோடு என் என்ஜினுக்குத் தோதாக அமைந்தது: ஊர் வந்தால் இறக்கலாம், வயல் வந்தால் ஏற்றலாம். ஒரே மாசத்தில் ஐந்து தடவை போனேன். கடைசித் தடவை அந்த அம்மியில் அரைத்த தேங்காய்ச் சட்னி கிடைத்தது. கல் இல்லை.

1003 கிலோமீட்டரில் முதல் சர்வீஸுக்கு விட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அத்தைக்குப் போன் போட்டு, "விரதம் முடிஞ்சுது அத்தை. இனிமே எப்படி வேணும்னாலும் ஓட்டலாம்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்:

"அடுத்த வண்டி எப்படா வாங்குவே?"