வீட்டில் பண்டங்கள் இருக்கும் இடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

இல்லறத்தின் அமைதி எதனால் நிலைபெறுகிறது என்னும் மகத்தான வினாவுக்குப் பொறுமையால் என்றும், செல்வத்தால் என்றும், புருஷனுடைய காது மந்தத்தால் என்றும் பூர்வாசாரியர்கள் பலவாறு விடை பகர்ந்திருப்பினும், உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்னும் மூலாதாரமான பிரச்சினையை அவர்கள் தொடாமலே போய்விட்டார்கள். 1909-இல் மைசூரில் சாமா சாஸ்திரியார் அச்சேற்றிய அர்த்தசாஸ்திரத்தைப் புரட்டினால், அரசனுடைய களஞ்சியத்துக்கு ஓர் அத்தியட்சனை நியமித்து அளவும் எடையும் விதித்த கௌடில்யர், குடியானவன் வீட்டு அஞ்சறைப் பெட்டி விஷயத்தில் மௌனம் சாதிப்பது புலப்படும்.

கிரேக்க தேசத்து ஸெனபோன் சற்று நெருங்கி வந்தவர். அவருடைய குடும்ப நிர்வாக நூலில், கணவன் கேட்ட பொருளை எடுத்துத் தர இயலாமல் முகம் சிவந்து நின்ற இளம் மனைவியை இஸ்கோமாகஸ் என்பவன் தேற்றி, எது எங்கே இருக்கவேண்டுமென்று ஏற்பாடு செய்யாதது தன் குற்றமே என்று பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டு, பினீசியக் கப்பலொன்றில் ஒவ்வொரு சாமானும் தனக்குரிய இடத்தில் இருந்த நேர்த்தியை விஸ்தாரமாகப் பிரசங்கிக்கிறான். தானே எழுந்து போய் அப்பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்னும் யோசனை மட்டும் அம்மகானுக்கு உதிக்கவில்லை.

இக்குறையை நிவர்த்திக்க உகந்த க்ஷேத்திரம் தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கேயாம். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பியது. இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் அப்பூமியில், நெல்லும் தென்னையும் திராட்சையும் உடைய மச்சு வீடுகள் ஒருபுறமும், விடியுமுன் ஜீப்பேறி ஏலக்காட்டுக்குப் போகும் பெண்களின் ஓட்டு வீடுகள் மறுபுறமும் இருப்பதால், ஒப்பிட்டு ஆராய்வதற்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

மச்சு வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். குலுக்கையில் நெல்லும், பரணில் பித்தளைப் பாத்திரங்களும், பீரோவில் பத்திரங்களும் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆனால் அவ்வொழுங்கு முழுவதும் அந்த வீட்டு அம்மாளின் தலைக்குள் அல்லவா குடியிருக்கிறது! சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்க அவள் வீரபாண்டிக்குப் போன அன்று பாருங்கள்: காப்பித்தூள் டப்பா கண்ணெதிரே இருக்க, நிலபுலன் எல்லைகளை விரல் நுனியில் வைத்திருக்கும் வீட்டுக்காரர் சமையலறை நடுவே திகைத்து நிற்பார்.

ஜீப்பு வீட்டின் தத்துவம் வேறு. கூடலூர், கம்பம், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்கு, தெருமுனையில் ஒலிக்கும் ஹாரனே பிரம்மமுகூர்த்தம். சோறு வடித்து, தூக்குவாளியில் தனக்கு அடைத்து, மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு அவள் இறங்கிவிட்டால், பொழுது சாயும்வரை அவ்வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்க முடியாது. ஆகையால் தீப்பெட்டி மாடக்குழியிலும், ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியிலும், கத்தரிக்கோல் நிலைக்கதவு ஆணியிலும் இருந்தே தீரவேண்டும். அப்படி இருப்பது எல்லோருக்கும் தெரிந்தும் இருக்கவேண்டும். "ஏய்யா, கத்தரிக்கோல் எங்கடா?" என்று தகப்பன் முற்றத்திலிருந்து குரல் கொடுக்க, பள்ளிக்கூடம் போகும் பையன் தலைவாருவதை நிறுத்தாமலே, "ஆணியில தொங்குதுப்பா, பாத்து எடு" என்பான். மச்சு வீட்டில் இதே கேள்விக்கு மூன்று அறைகளைத் தாண்டி ஒருத்தி ஓடிவர வேண்டும்.

ஆகவே, தலைவி எந்நேரமும் இருந்து காக்கும் வீடு ஒழுங்கான வீடன்று, காவலுள்ள வீடு என்பதே இவ்வாராய்ச்சி கண்ட சித்தாந்தம். இதனால் ஜீப்பேறுவது இல்லறத்துக்குச் சிறந்த சாதனம் என்று யாரும் விபரீதமாகப் பொருள் கொள்ளலாகாது. நெருக்கியடித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, நாள் முழுதும் குனிந்து செடியின் தூரில் ஒவ்வொரு காயாகப் பறித்து, அட்டைக்கடியோடு இறங்கி வந்து, அவள்தான் மறுபடியும் அடுப்பு மூட்டுகிறாள். அவள் பறித்த காய் உலர்ந்து போடி ஏலத்தில் கிலோக் கணக்கில் விலை பேசப்படுகிறது. வீட்டை அமைதியாக வைத்திருக்கும் வேலைக்கு எந்தச் சந்தையிலும் விலை கூறுவாரில்லை.

குடும்பத் தலைவர்கள் என்று ரேஷன் கார்டில் பெயர் பதித்துக்கொண்டிருக்கும் மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்: இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், யாரையும் கேளாமல், அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, சீரகம் எந்தக் கிண்ணத்தில், சோம்பு எந்தக் கிண்ணத்தில் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தபின் மூடியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.