பேனட்டைத் தொறந்த டாக்டரு

ஏங்கண்ணு, வாசல்ல வண்டி பேனட்டைத் தொறந்துக்கிட்டு நிக்குது. நீ திண்ணையில உக்காந்து செல்போனைத் தேய்ச்சுக்கிட்டிருக்கற. சீக்கு வந்தது வண்டிக்குத்தான? அதை ஒருவாட்டி எட்டிப் பாத்தா என்ன, கொறஞ்சா போயிருவ?

தலையில வெளக்கு. கையில நீலக் கலர் உறை. காலடியில 108 உருப்படி அடங்கின டூல் பொட்டி. 108 அர்ச்சனைக்குச் செரி சாமி. இந்த வண்டிக்கு 10, 12, 14ன்னு மூணு ஸ்பேனரு, ஒரு பிளக் ஸ்பேனரு, ஒரு திருப்புளி இருந்தாப் பாதி வேலை முடிஞ்சு போகும். மிச்சத்துக்கு வேணுங்கறது கண்ணு, காது, மூக்கு. அது உன்ற மூஞ்சியிலயே இருக்குது. ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டியதில்ல.

அதென்ன தீப்பெட்டி அளவுல ஒண்ணு? ஸ்கேனரா? செரி, அதை எங்க சொருகுவ? நீ வாங்கியிருக்கறது 1996 மாடல் மாருதி 800. 796 சிசி, மூணு சிலிண்டரு, கார்புரேட்டரு. கம்ப்யூட்டருங்கறதே இதுல கெடையாது. இல்லாத மூளைக்கு எதுக்குக் கண்ணு ஸ்கேனு?

மூளை இருக்கற புது வண்டியிலதான் அந்தப் பொட்டி என்ன சொல்லிருது? ஒரு நெம்பரு காட்டும். பி0171ன்னு வந்தா காத்து எச்சு, பெட்ரோலு கம்மின்னு அர்த்தம். எங்க எச்சாச்சுன்னு அது சொல்லாது. நம்ம பசங்க ஒடனே ஆக்சிஜன் சென்சாரை மாத்தறாங்க. அங்க பாத்தா ஒரு சாண் ரப்பர் ஹோஸு வெடிச்சு, உஸ்ஸுன்னு காத்தை இழுத்துக்கிட்டு கெடக்குது. காதைக் குடுத்திருந்தா காசில்லாமச் சொல்லியிருக்கும்.

இஞ்சினுக்கு வேண்டியது மூணே மூணு. காத்து, பெட்ரோலு, பொறி. எது வந்து சேரலைன்னு பாக்கோணும். நீ என்ன பண்ணுன? நேத்து பிளக்கு மாத்துன. இன்னைக்குக் காயிலு. நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியாம். அத்தனையும் ஒண்ணா மாத்திப்போட்டு வண்டி ஓடினாலும், எதனால ஓடுச்சுன்னு உனக்குத் தெரியுமா?

சாவியைத் திருப்பினா டொக்குன்னு ஒரு சத்தம், அப்பறம் பேச்சே இல்லையா? அதுக்குப் போயி இஞ்சினைப் பிரிச்சுறாத. பேட்டரி முனையில வெள்ளையும் பச்சையுமாப் பூத்திருக்குதா பாரு. மைனஸை மொதல்ல கழட்டு. சுடுதண்ணி ஊத்திக் கழுவி, நல்லாத் தொடைச்சு மாட்டு. மாட்டறப்ப மைனஸு கடைசி. மேல துளி வாசலின் தடவிவிடு. இந்த வைத்தியத்துக்கு வீடியோ போட்டா எவன் பாப்பான்? அதான் எவனும் போடறதில்ல.

இஞ்சின் ஓடுது, ஆனா காச்சல்காரனாட்ட உதறுதா? மூணு சிலிண்டர்ல ஒருத்தன் வேலைக்கு வரல. யாருன்னு கண்டுபுடிக்கறது கஷ்டமில்ல. இஞ்சின் ஓடறப்ப பிளக் வயரை ஒண்ணொண்ணாக் கழட்டி மாட்டு. வெறுங்கையில தொடாத, ரப்பர் புடி போட்ட குறடால புடி. இல்லீன்னா நீயும் சேந்து உதறுவ. வயரைக் கழட்டினதும் ஓட்டம் இன்னும் மோசமானா, அந்த சிலிண்டரு ஒழைக்கறவன். கழட்டியும் சத்தம் மாறலையா? அவன்தான் சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூங்கறவன். மூணையும் ஒண்ணாப் புடுங்கிப் போட்டுறாத. பொறி 1-3-2ன்னு வரிசையில வரோணும். மாத்திச் சொருகினா கார்புரேட்டர் வழியாத் தீவாளி நடக்கும்.

இப்ப அந்தத் தூங்குமூஞ்சியோட பிளக்கைக் கழட்டு. இஞ்சின் ஆறட்டும், என்ன அவசரம்? ஹெட்டு அலுமினியம். சூட்டுல முறுக்கினா மரை போயிரும். கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நுனி இளம் பழுப்பா இருந்தா சொகமா இருக்குது. காஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோலு எச்சு, காத்து கம்மி. ஏர் பில்டரை என்னைக்காச்சும் எடுத்துத் தட்டியிருக்கறயா? எண்ணெய்ப் பிசுக்கோட கறுத்திருந்தா ஆயிலு மேல ஏறுது. ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சிருக்குது. வெளுத்துக் கெடந்தா சூடு எச்சு. இதைப் படிக்க இங்கிலீசு வேண்டாம்.

நாப்பது குதிரை சத்தி வராத இஞ்சினுக்கு இரிடியம் பிளக்கு கேக்குதாக்கும்? சாதா பிளக்கையே பிரஷ்ஷுல தேய்ச்சு, இடைவெளியை முக்கால் மில்லிமீட்டருக்கு வெச்சு மாட்டு.

அப்பறம், காலையில ஸ்டார்ட் ஆகலை, கெளம்பினாக் கருப்புப் பொகைன்னு பொலம்பினயே. டேஷ்போர்டுல ஒரு குமிழு இருக்குது, எதுக்குன்னு தெரியுமா? அதுதான் சோக்கு. இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணோணும், இஞ்சின் சூடானதும் உள்ள தள்ளிரோணும். நீ இழுத்தது இழுத்தபடி அவிநாசி வரைக்கும் போயிட்டு வந்திருக்கற. கருப்புப் பொகை வராம பன்னீரா வரும்? பெட்ரோல் வாடை குப்புன்னு அடிச்சா பிளக்கு நனைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுக்க. சோக்கைத் தள்ளிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு செல்ஃப் அடி.

இப்ப பங்குல ஊத்தறதுல நூத்துக்கு 20 பங்கு எத்தனாலு. உன்ற வண்டியை அதுக்குன்னு செய்யல. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். மாசக்கணக்கா நிறுத்தி வெச்சு நோம்பிக்கு மட்டும் எடுத்தா, ஜெட்டு அடைக்காம என்ன பண்டும்? பெட்ரோல் ஹோஸை மடக்கிப் பாரு. விரிசல் தெரிஞ்சா அன்னைக்கே மாத்து. சூடான இஞ்சின் மேல பெட்ரோலு சொட்டினா வண்டியும் போகும், கொட்டாயும் போகும்.

சித்திரை வெயில்ல சிக்னலுக்கு சிக்னல் நின்னு போறப்ப மூச்சடைக்குதா? அரை மணி நேரம் கழிச்சுத் தானாக் கெளம்புதா? பெட்ரோல் லைன்ல ஆவி கட்டியிருக்கும். பம்பு மேல ஈரத்துணியைப் போட்டுட்டு ஒரு மோர் குடிச்சுட்டு வா. இதுக்கு ரெண்டு கடையில எஸ்டிமேட் வேற வாங்குனயாமா!

வீரத்தை எங்க காட்டக்கூடாதுன்னும் கேட்டுக்க. இஞ்சின் கொதிக்கறப்ப ரேடியேட்டர் மூடியில கை வெக்காத. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகாத. கதவைச் சாத்தின கொட்டாய்க்குள்ள இஞ்சினை ஓட்டாத. அந்தப் பொகையில இருக்கற வெசவாயுவுக்கு வாசமும் இல்ல, எரக்கமும் இல்ல. சூடானப்பறமும் வெள்ளைப் பொகை நிக்கல, ரேடியேட்டர் தண்ணி வேற கொறையுதுன்னா ஆயில் மூடியைக் கழட்டிப் பாரு. அடியில பால்காப்பி நெறத்துல கொழகொழன்னு இருந்தா ஆயில்ல தண்ணி கலந்துருச்சு. அநேகமா ஹெட் கேஸ்கட்டு. அதுக்கு மேல ஓட்டாத, கட்டி இழுத்துட்டுப் போ. பாட்டில்ல ஒரு மருந்து விக்கறான், ஊத்தினா இஞ்சின் புதுசாயிருமாம். தைலம் தேய்ச்சாத் தேஞ்ச ரிங்கு வளருமா கண்ணு?

மெக்கானிக்கிட்டப் போனா நோவுக்கு நீயே பேரு வெக்காத. சத்தம் எப்ப வருது, சில்லுன்னு இருக்கறப்பவா சூட்டுலயா, மேடேறறப்பவா நிக்கறப்பவா, அதை மட்டும் சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்க. கூலியில பேரம் பேசாத. கார்புரேட்டரைக் காதால கேட்டு ட்யூன் பண்றவங்க ஊருக்கு ஒருத்தரு மிஞ்சினாப் பெருசு. அவரு கடையைச் சாத்தறதுக்குள்ள போயி, பக்கத்துல நின்னு கத்துக்க.